மேற்குச் சுவரின் பளபளப்பு

ஒரு நாகரிகத்தின் உயரத்தை அதன் கோபுரங்களை வைத்து அளக்கக்கூடாது. வெளிச்சுவர்களை வைத்துத்தான் அளக்க வேண்டும். அரசுகள் சரியும், எல்லைகள் மாறும், நதிகள் தடம் புரளும். முறையாகப் பராமரிக்கப்பட்ட செங்கல் சுவர் மட்டும் காலத்தின் முகத்துக்கு நேராக நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்.

இதைத் தலைவர் தம் வீட்டு மேற்குச் சுவருக்கு முன்னால், தெருவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அதே சுவரின் மறுபக்கத்தில் அவர் மனைவி கட்டிலை இன்னும் ஒரு முழம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். மெத்தையின் ஓரம் நனைந்திருந்தது.

தலைவர் என்றால் பழைய செங்கல் வீடுகள் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் அவரைத் தவிர ஒரு துணைத் தலைவரும் ஒரு பொருளாளரும் உண்டு. துணைத் தலைவர் எதிர்வீட்டு பஸ் டிரைவர். தெருக்குழாய்க்கான மனு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர். பொருளாளர் தலைவரின் மனைவி. தாம் பொருளாளர் என்பது அவருக்குப் பெயர்ப்பலகை மாட்டிய அன்றுதான் தெரியும். தெருவில் எல்லோரும் அவரை அண்ணி என்றே கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

வீடு அண்ணியுடைய அப்பா கட்டியது. வெளியே பூச்சு வேலை கிடையாது. சிவப்புச் செங்கல் அப்படியே தெரியும். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சுண்ணாம்பும் மணலும் கலந்த வெளிர்க் கோடு. தெருப் பக்கம் பார்த்த மேற்குச் சுவர்தான் மழையை முதலில் வாங்கும், சாயங்கால வெயிலையும் அதுதான் வாங்கும். இப்படி நனைந்தும் காய்ந்தும் அண்ணியின் பள்ளிக்காலம், கல்யாணம், பிரசவம் எல்லாவற்றையும் அது பார்த்து முடித்திருந்தது. யாரும் அதைப் பராமரித்ததாக ஞாபகம் இல்லை. தலைவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அதற்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

தலைவர் தண்ணீர் வரி அலுவலகத்தில் இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரம், வேறு யாரையும் மிரட்ட முடியாத நிலையில், சுவரைப் பார்த்தார். செங்கல் இடுக்குகளில் விரல் வைத்துத் தேய்த்தால் சுண்ணாம்பு மாவு மாதிரி வந்தது.

"என்ன இது, நெற்றியில பூசற மாதிரி கையோட வருது! இது சுவரா, பவுடர் டப்பாவா?" என்றார்.

கொத்தனார் வந்தார். இடுக்குகளைச் சுரண்டி எடுத்துவிட்டு நல்ல கெட்டிச் சிமென்ட்டை வைத்து அடைத்தார். அதன் மேல் தலைவர் தம் செலவில், தம் மேற்பார்வையில், மழை புகாத பளபளப்புப் பூச்சு அடித்தார். சுவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பயில்வான் மாதிரி மின்னியது. மாலையில் சூரியன் அதில் பட்டு எதிர்வீட்டு டிரைவரின் சாப்பாட்டு மேசைவரை கூசியது. டிரைவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். தலைவர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். சங்கம் பிறந்தது அந்த வாரத்தில்தான்.

அடுத்த மழைக்கு உள்பக்கம் ஒரு ஈரத் திட்டு வந்தது. உள்ளங்கை அளவுதான். தலைவர் வெளியே போய் இன்னொரு கோட்டு அடித்தார். திட்டு தலையணை அளவுக்கு வந்தது. இன்னொரு கோட்டு. அது போர்வை அளவுக்கு விரிந்தது. உள்ளே சுண்ணாம்பு உப்பி உதிர, வெளியே செங்கல்லின் முகம் பூச்சுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அதற்கும் ஒரு கோட்டு. அண்ணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. முதலில் படியேறும்போது, அப்புறம் படுக்கும்போது, அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும்.

டாக்டர் காதில் குழாயை மாட்டிக் கேட்டுவிட்டு, "எங்க படுக்கறீங்க?" என்று மட்டும் விசாரித்தார்.

மகள் வந்தாள். வேறு ஊரில், அடுக்குமாடியில் இருப்பவள். வந்ததும் பையைக் கீழே வைக்காமலே படுக்கையறைக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். கையை அப்பாவின் முன்னால் நீட்டினாள். விரல்கள் நனைந்திருந்தன.

"அப்பா, இது சுவரா, மீன்தொட்டியா?"

"அது வந்தும்மா, பாதுகாப்புப் பணி ஒரு தொடர் நடவடிக்கை..."

"அடுத்த மழைக்காலம் வரைக்கும் டைம் தரேன். மழை புடிச்சப்புறம் வந்து பார்ப்பேன். சுவரு காஞ்சிருந்தா சரி. இல்லன்னா அம்மாவ என்கூட கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

"சரி, நாங்க ரெண்டு பேரும்..."

"நீங்க எப்படிப்பா வருவீங்க? 'இந்த வீட்டை விட்டு ஓர் அடி நகர மாட்டேன்'னு போன ஆண்டு விழாவுல மைக்ல சொன்னீங்களே. வீடியோ அனுப்பியிருந்தீங்க. ரெண்டு தடவ."

தலைவர் மனைவியைப் பார்த்தார். அண்ணி மறுப்பாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். அண்ணிக்குச் சொல்ல மூச்சு இல்லை. இருமினார். இருமி முடித்துவிட்டு, "அவருக்கு டீ போடக்கூடத் தெரியாதேடி," என்றார்.

அன்றைக்குத்தான் தலைவருக்கு உறைத்தது. அண்ணி போய்விட்டால் இந்த வீட்டில் தாமும் சுவரும் மட்டும்தான் மிச்சம். சுவர் பதில் பேசாது. இத்தனை வருஷமாக அதுதான் சுவரில் அவருக்குப் பிடித்த குணம். இப்போது அந்தக் குணமே பயமாக இருந்தது.

கொத்தனாரைக் கூப்பிட்டார். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், டாக்டரைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"நம்ம வேலை ஸ்ட்ராங்கா இருக்கு சார். சிமென்ட்டு ஒரு பொட்டுகூட அசையல."

"அப்ப ஈரம் எங்கிருந்துய்யா வருது?"

கொத்தனார் யோசித்தார். பக்கத்து வீட்டைப் பார்த்தார். தலைவரும் பார்த்தார்.

பக்கத்து வீடும் அண்ணியின் அப்பா கட்டியதுதான். அதே சூளை, அதே செங்கல், அதே திசை. பிறகு கைமாறி, இப்போது தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி அங்கே இருந்தார். தையலம்மாவின் சுவரில் பாசி படிந்திருக்கும். இடுக்குச் சுண்ணாம்பு அங்கங்கே உதிர்ந்திருக்கும். தலைவர் தம் எல்லாச் சொற்பொழிவுகளிலும் அந்தச் சுவரைக் கை நீட்டிக் காட்டி, 'அநாதைச் சுவர்' என்று சொல்லுவார். தையலம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார், சொற்பொழிவு முடிந்ததும் மறுபடி ஓட்டுவார்.

"அந்த அநாதைச் சுவர்லேர்ந்து ஊறி வருது," என்றார் தலைவர். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டால் பாதி குணம் என்பது அவர் கொள்கை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. தலை முதல் முழங்கால்வரை மூடும் மழைக்கோட்டை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

"ஏம்மா, உங்க சுவத்து ஈரம் எங்க வீட்டுக்குள்ள வருது. சங்கத்தின் சார்பா பார்வையிட வந்திருக்கேன்."

"பாருங்கண்ணே. துணிய மட்டும் மிதிச்சிடாதீங்க."

மேற்குச் சுவரை ஒட்டித்தான் தையல் மிஷின் இருந்தது. அதற்குப் பக்கத்தில் துணி உருளைகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. வெள்ளைத் துணிகூட இருந்தது. தலைவர் ஓர் உருளையை நகர்த்திச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். நகர்த்தி வேறு இடத்தில் வைத்தார். குனிந்து தரையோரத்தில் வைத்தார். சுவர் வறுத்த ரொட்டி மாதிரி காய்ந்திருந்தது.

"வெளியில என்ன பூசியிருக்கீங்க?"

"எதுக்கு?"

"சுவருக்கும்மா."

"எங்க வீட்டுக்காரர் போனப்புறம் எனக்கே நான் ஒண்ணும் பூசிக்கறதில்லண்ணே. சுவத்துக்கு எங்க பூசறது?"

"நிஜமா ஒண்ணுமே செய்யலையா?"

"நீங்க ஒவ்வொரு தடவ திட்டும்போதும் ஏதாவது அடிச்சிடணும்னுதான் தோணும். அப்புறம் யாராவது ஸ்கூல் யூனிஃபாரம் கொண்டாந்து போட்டுடுவாங்க. மறந்துடும். மேல கூரையோரத் தகரக் கால்வாயில இலை அடைச்சா மட்டும் குச்சியால குத்தி விடுவேன். சொட்டு சொட்டுனு சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வராது, அதுக்காக." தையலம்மா சங்கடத்துடன் சிரித்தார். "சோம்பேறித்தனம்தான். மன்னிச்சுக்குங்க."

தலைவர் மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். உள்ளே சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

"அடடா, நனைஞ்சிட்டீங்களே அண்ணே!"

"நனையல. மழை ஒரு சொட்டு உள்ள போகல. கோட்டு போட்டிருந்தேனே. இது வேர்வை..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. கையில் இருந்த மழைக்கோட்டைப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தம் வீட்டின் பளபளப்பைப் பார்த்தார். மறுபடி மழைக்கோட்டைப் பார்த்தார். பிறகு, "ஒரு நாற்காலி போடறீங்களா?" என்றார்.

தம் வாழ்நாளில் தலைவர் தாமாகவே கண்டுபிடித்த ஒரே விஷயம் அதுதான். அதை நினைத்துப் பெருமைப்பட அவரால் முடியாமல் போனதுதான் பரிதாபம்.

வீட்டுக்குப் போனதும் சாவியின் முனையால் ஒரு கொப்புளத்தைக் கீறினார். பூச்சு மீன்செதில் மாதிரி உரிந்து வந்தது. அதன் பின்னால் செங்கல் சேறாக இருந்தது. கூரையோரத் தகரக் கால்வாய் இலையடைத்து வழிந்து, தண்ணீர் சுவரின் தலை வழியாக உள்ளே இறங்கியிருந்தது. இறங்கிய தண்ணீர் திரும்பி வெளியே வர எல்லா வழியையும் சிமென்ட்டும் பூச்சும் அடைத்திருந்தன. அது பிறகு எங்கே போகும்? அண்ணியின் கட்டிலுக்குத்தான் போகும்.

அண்ணி வாசலுக்கு வந்து நின்றார்.

"நான்தான்," என்றார் தலைவர்.

"என்ன நீங்கதான்?"

"நான்தான் அடைச்சு வச்சிருக்கேன். ஒவ்வொரு கோட்டுக்கும் உனக்கு மூச்சு இழுப்பு அதிகமாச்சு. நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னேங்க. நீங்க அதுக்கு ஒரு கூட்டம் போட்டீங்க."

சங்கத்தின் அவசரக் கூட்டம் மறுநாள் மாலை தெருவில் நடந்தது. வழக்கமாக மூன்று பேர் வரும் கூட்டத்துக்கு அன்று தெருவே வந்திருந்தது. தலைவர் ஏதோ ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று டிரைவர் வீடு வீடாகச் சொல்லியிருந்தார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! பராமரிப்பு நடவடிக்கைகளில் சங்கத்தின் தரப்பில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது..."

ஜன்னலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "சங்கம்னா யாருங்க?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "நான்தான்."

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல," என்றார் டிரைவர்.

"நான்தான்! நான்தான் தப்பு பண்ணினேன். அநாதைச் சுவர்னு நான் கேலி பண்ண சுவர் காஞ்சு கிடக்கு. நான் அடிச்ச பூச்சுக்குள்ள என் சுவர் ஊறிக் கிடக்கு. மழைக்குள்ள இது காயலன்னா என் சம்சாரத்த என் பொண்ணு கூட்டிக்கிட்டுப் போயிடுவா. அவ்வளவுதான். கூட்டம் முடிஞ்சது. நன்றி."

அவர் பேசியதிலேயே மிகச் சிறிய சொற்பொழிவு அதுதான். கைதட்ட வேண்டுமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. தையலம்மா மட்டும் உள்ளே போய் ஒரு பழைய பிளாஸ்டிக் அளவுகோலுடன் வந்தார்.

"எங்கேர்ந்து சுரண்டணும்?"

வேலை ஒரே நாளில் முடிகிற வேலையாக இல்லை. செங்கல் ஏற்கெனவே நொந்து போயிருந்ததால் கம்பி பிரஷ் கூடாது, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கவும் கூடாது. பூச்சை இளக்கும் குழம்பைத் தடவிக் காத்திருந்து, பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாகத் தள்ளி, நார் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். தெருவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. தலைவரின் பளபளப்பைத் தம் கையாலேயே உரிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. டிரைவர் கூலிங் கிளாஸைக் கழற்றி வைத்துவிட்டு, தம் சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரான இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

கொத்தனாரும் வந்தார். தாம் அடைத்த சிமென்ட்டைத் தாமே சிற்றுளியால் தட்டித் தட்டி எடுத்தார். செங்கல் உடையாமல் எடுப்பதற்குள் கை வீங்கிவிட்டது.

"எவ்ளோ கெட்டியா வச்சிருக்கேன் பாருங்க சார்! என் வேலையோட தரம் எனக்கே இப்பதான் தெரியுது."

"அதுக்கு உங்களுக்கு ஒரு சால்வை போடணும்," என்றார் தையலம்மா. "போட்டுட்டு அதையும் மூச்சு முட்ற மாதிரி இறுக்கிக் கட்டணும்."

கொத்தனாரே முதலில் சிரித்தார். இடுக்குகளில் பழையபடி சுண்ணாம்பும் மணலும் கலந்து, செங்கல்லைவிட மெத்தென்று இருக்கும்படி வைத்தார்கள். தகரக் கால்வாயில் இருந்த இலைக் குப்பையை டிரைவர் ஏணியில் ஏறி வாரிக் கீழே போட்டார். சுவரின் காலடியில் அழகுக்காகத் தலைவர் குவித்து வைத்திருந்த பூச்செடி மண்ணையும் வெட்டித் தள்ளினார்கள், ஈரம் கீழேயிருந்து ஏறாமல் இருக்க.

தலைவர் என்ன செய்தார் என்றால், டீ போட்டார். முதல் நாள் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தது. எல்லோரும் குடித்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாகத் தாமே ஒரு வாய் குடித்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் தம் சொற்பொழிவுகளையும் இவர்கள் இப்படித்தான் முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அன்று மாலை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போனார். "ரொம்ப நன்றி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தெரு பயந்துவிட்டது. "அண்ணி, அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று டிரைவர் வந்து விசாரித்தார்.

உரித்த சுவர் பார்க்க லட்சணமாக இல்லை. நிறம் ஒரே மாதிரி இல்லாமல், சில செங்கற்கள் முகம் உதிர்ந்து, அம்மை ஆறிய முகம் மாதிரி இருந்தது. ஆனால் வெயில் பட்ட நாட்களில் அதிலிருந்து ஈரம் ஆவியாகப் போவதை மூக்கால் உணர முடிந்தது. புது மண்பானையில் முதல் தண்ணீர் ஊற்றினால் வரும் வாசனை. இத்தனை கோட்டுகளைப் பொறுத்துக்கொண்டு இது எப்படி நின்றது என்று தலைவர் தினமும் அதன் முன்னால் நின்று வியந்தார், சத்தமில்லாமல். போகிற போக்கில் ஒரு தடவை தட்டியும் கொடுப்பார். யாராவது பார்த்தால் கொசு அடித்ததாகக் காட்டிக்கொள்வார்.

உள்ளே போர்வை அளவுத் திட்டு தலையணையானது. தலையணை உள்ளங்கையானது. ஒரு நாள் அண்ணி தாமாகவே கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார். இருமல் தேய்ந்து, எப்போதாவது புகையைக் கண்டால் மட்டும் வந்தது. "காஞ்சிடுச்சுங்க," என்றார். தலைவர் நம்பவில்லை. தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொட்டார். தொட்டுத் தொட்டு, எது ஈரம், எது சில்லென்ற சுவர், எது தம் கை வேர்வை என்று அவருக்கே பிடிபடாமல் போய்விட்டது. சுவர் காய்ந்தது. அவர் காயவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. சொன்னபடி மகள் வந்தாள், அம்மாவின் துணிகளை எடுத்துப்போக ஒரு காலிப் பெட்டியுடன். வந்து சேர இருட்டிவிட்டதால், பார்வையிடுவது காலைக்கு என்று முடிவாயிற்று.

காலையில் மகள் குளிக்கப் போன நேரம் தலைவர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணி அடுப்படியில் இருந்தார். அறைக்குள் ஏதோ இரைந்துகொண்டே இருப்பது கேட்டது. அண்ணி கதவுப் பக்கம் ஒரு தடவை போய் நின்றார். தட்டாமல் திரும்பி வந்து, டீக்குச் சர்க்கரை போட்டார்.

தலையில் துண்டுடன் மகள் உள்ளே வந்தாள். தலைவர் கட்டிலின் மேல் ரொம்ப நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணியும் பின்னாலேயே வந்து போர்வையை மடிக்க ஆரம்பித்தார். மகள் சுவரோரம் குனிந்து, போன தடவை விரல் நனைந்த அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அப்படியே வைத்திருந்தாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"சுவரு ஏன் சுடுது?"

தலைவர் வாயைத் திறந்தார். அன்பார்ந்த பெரியோர்களே என்றுகூட வரவில்லை.

"வெயில் பட்டிருக்கும்," என்றார் அண்ணி, போர்வையின் ஓரத்தைச் சரிபார்த்தபடி.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மகள் ஜன்னலைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா மூச்சு இழுக்காமல், நிதானமாக, இரண்டாவது போர்வையை மடிக்க எடுப்பதைப் பார்த்தாள். சுவரின் இன்னொரு மூலையில், கட்டிலுக்கு அப்பால், கை வைத்தாள். அங்கே சூடு இல்லை. ஈரமும் இல்லை.

"இந்தப் பெட்டிய அலமாரி மேல வச்சிடறேன்," என்றாள். "துணி எதுவும் எடுக்க வேண்டாம்."

"ரொம்ப நன்றிம்மா," என்றார் தலைவர். மகளைப் பார்த்துச் சொன்னாலும், கண் போர்வை மடிப்பவரிடம்தான் இருந்தது. அண்ணி காதில் விழாத மாதிரி மடித்துக்கொண்டிருந்தார்.

சுவர் பல நாட்களுக்கு முன்பே காய்ந்திருந்தது. மகளுடைய ஹேர் டிரையர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அது எரிந்துபோயிருந்தது.